எங்கள் சங்கத்தின் மூன்றாவது தலைவருக்கு

சங்க அறையில் நேற்றிலிருந்து டர்பன்டைன் வாடை. சுவரில் மாட்டுவதற்காகத் தலைவர்களின் பெயர்ப் பலகை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஹட்டன் கடைத்தெருவில் கடைப் பலகை எழுதுகிற பெயிண்டர்தான் வந்திருக்கிறார். கறுப்புப் பலகை, மஞ்சள் எழுத்து. முதல் தலைவர் துரையின் பெயரை எழுதினார், இரண்டாவது தலைவர் மாத்தயாவின் பெயரை எழுதினார். மூன்றாவதாக உன் பெயருக்கு வந்ததும் தூரிகையைத் துடைத்துக்கொண்டு, "இவரத் தெரியுங்க, எங்க கல்யாணத்துக்கு இவருதான் படம் எடுத்தாரு" என்று சொல்லி, ஒவ்வொரு எழுத்தையும் நின்று நிதானமாக எழுதினார். நான்காவதாக என் பெயரைத் தொடங்கியபோது மழை இறங்கிவிட்டது. வெளிச்சம் போகிறதென்று அவசர அவசரமாக முடித்தார். என் பெயரின் கடைசி எழுத்து சட்டத்தை இடித்துக்கொண்டு நிற்கிறது.

பார்த்துக்கொண்டிருந்த எனக்கு வயிறு எரிந்தது. நீ கண்ணை மூடி இன்னும் வருடம் திரும்பவில்லை. எரிவது மட்டும் நிற்கவில்லை.

ஆண்டு விழா மலருக்குச் சங்கத் தலைவர்களின் வரலாற்றை எழுதித் தரும்படி இளைஞர்கள் கேட்டிருக்கிறார்கள். துரைக்கு ஒரு பக்கம், மாத்தயாவுக்கு ஒரு பக்கம் என்று மளமளவென்று எழுதிவிட்டேன். உன்னிடம் வந்ததும் நின்றுவிட்டது. எழுத விஷயம் இல்லாமல் அல்ல. எனக்குத் தெரிந்த உன்னை அந்த மலரில் போட முடியாது. அதனால் முதலில் உனக்கே எழுதிவிடுகிறேன். மலருக்கு வேண்டியதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சுதந்திரம் வந்த வருடம் நாம் இருவரும் ஹட்டன் ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தோம். டிக்கோயாவில் ஒரே தேயிலைத் தோட்டம், தொழிலாளர் வீட்டு வரிசைகளில் மேல் லயத்தில் நான், கீழ் லயத்தில் நீ. நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவன், கையெழுத்து அழகாக இருக்கும் என்று பெயரெடுத்தவன். உனக்கு அப்படி ஒன்றும் பெயர் இல்லை. சேர்ந்த கொஞ்ச காலத்தில், புதுச் சட்டத்தால் நாடற்றவர்களாகிவிட்ட தோட்டத்து ஆட்கள் பிரஜாவுரிமை மனுவுக்குப் படம் எடுக்கக் கூட்டமாக வரத் தொடங்கினார்கள். தோட்டம் தோட்டமாக, குடும்பம் குடும்பமாக வந்தார்கள். பெண்கள் தலைக்கு எண்ணெய் வைத்து, பெட்டியில் மடித்து வைத்திருந்த சேலையைக் கட்டிக்கொண்டு, கமராவைப் பார்த்ததும் போலீஸ் ஸ்டேஷனில் நிறுத்தினாற்போல விறைத்து நிற்பார்கள். நான் எடுத்த படங்களில் எல்லாரும் ஏதோ குற்றம் செய்துவிட்டு வந்தவர்களைப் போல இருப்பார்கள். நீ எடுத்தால் அப்படி இருக்காது. கறுப்புத் துணிக்குள் தலையை விடுமுன் நீ சும்மா கேட்பாய்: "என்னா ஆத்தா, காலையில என்னா கறி?" அவ்வளவுதான், முகம் இளகிவிடும்.

நானும் அதையே கேட்டுப் பார்த்தேன். என் வாயில் அது விசாரணையாக வந்தது. ஒரு பெண் பயந்துபோய், "ஒண்ணும் ஆக்கலைங்க" என்றாள். பிறகு வாசலில் வருகிறவர்களே, "அந்தத் தம்பி எடுக்கட்டுங்க" என்று உன்னைக் காட்டத் தொடங்கினார்கள். நான் இருட்டறைக்குள் போய்விட்டேன். நீ எடுத்ததை நான் கழுவினேன். தண்ணீருக்குள்ளிருந்து ஒவ்வொரு முகமாக உயிரோடு எழுந்து வரும். நன்றாக இருக்கிறது என்று எனக்குத்தான் முதலில் தெரியும். ஒரு நாளும் அதை உன்னிடம் சொன்னதில்லை.

சினிமாக் கமரா நம் கைக்கு வந்தது துரையால். டிக்கோயாவுக்கு மேலே இருந்த தோட்டத்தின் பெரிய துரை; சாவி கொடுத்து ஓட்டுகிற சின்னக் கமரா ஒன்று வைத்திருந்தார். கிளப் விளையாட்டுகளைப் படம் எடுக்கத் துணைக்கு ஆள் வேண்டுமென்று ஸ்டூடியோவுக்குச் சொல்லியனுப்பினார். இருவரும் போனோம். அங்கிருந்துதான் எல்லாம் ஆரம்பம். மலைநாட்டில் அப்போது படச்சுருள் கிடைப்பது பெரும்பாடு. கொழும்புக்காரர்களுக்குப் போக மிஞ்சியதுதான் நமக்கு. ஆளுக்கு ஆள் கெஞ்சுவதைவிட ஒரு சங்கமாகச் சேர்ந்து கேட்டால் கொடுப்பார்கள் என்று துரைதான் யோசனை சொன்னார். அவருடைய பங்களா வராந்தாவில் கூடினோம். இரண்டு மூன்று துரைமார், மிஷனிலிருந்து ஒரு ஃபாதர், நுவரெலியா, தலவாக்கலை ஸ்டூடியோக்காரர்கள், நாம் இருவர். மலைநாட்டு ஒளிப்பதிவாளர் சங்கம் என்று பெயர் வைத்தோம். துரை தலைவர். கையெழுத்துக்காக நான் செயலாளர். நீ ஒன்றுமில்லை. அன்று பங்களாவிலிருந்து இறங்கி வரும்போது எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

துரை சீமைக்குப் போனபின் ஹட்டனில் ஸ்டூடியோ வைத்திருந்த சிங்களவர் தலைவரானார். நாமெல்லாம் மாத்தயா என்று கூப்பிட்டவர். நல்ல மனிதர். கூட்டத்துக்கு நேரத்தோடு வருவார், நான் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவார், தேநீர் குடித்துவிட்டுப் போவார். சங்கத்தை உண்மையில் நடத்தியது நான்தான். சுருளுக்கு மனுப் போடுவது, வந்ததைப் பங்கு வைப்பது, வருடாந்தப் படக்காட்சிக்கு மண்டபம் பிடிப்பது, எல்லாம் நான். மாத்தயாவுக்குப் பிறகு அந்த நாற்காலி யாருக்கு என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

அப்போதுதான் கொத்மலைப் பக்கம் அந்த மண்சரிவு.

ஒரு வாரமாக விடாத மழை. காலையில் செய்தி வந்தது, ஒரு தோட்டத்தில் மலை இறங்கி லயத்தை மூடிவிட்டதென்று. நாம் இருவரும் ஆளுக்கொரு கமராவோடு கிளம்பினோம். பஸ் பாதி வழியில் நின்றுவிட, மீதியை நடந்தோம். போய்ச் சேர்ந்தபோது லயம் இருந்த இடத்தில் சிவப்பு மண்தான் இருந்தது. கூரைத் தகரம் ஒன்று மட்டும் மண்ணிலிருந்து துருத்திக்கொண்டிருந்தது. ஆண்கள் மம்பட்டியால் வெட்டிக்கொண்டிருந்தார்கள், பெண்கள் கையால் வாரிக்கொண்டிருந்தார்கள். நான் கமராவைத் திறந்தேன். நீயும் திறந்தாய். கொஞ்ச நேரம் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு மூடினாய். உன் கமராவைப் படங்குத் துணியில் சுற்றி என் காலடியில் வைத்தாய்.

"மச்சான், நீ எடு. நிறுத்தாத. ஒருத்தனாவது இத வெளிய காட்டணும்ல."

சொல்லிவிட்டு மண்ணுக்குள் இறங்கிவிட்டாய். நீ சொன்னபடி நான் நிறுத்தவில்லை. கண்ணாடியில் விழுகிற மழையைச் சட்டை முனையால் துடைத்துத் துடைத்து எடுத்தேன். வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்த நேரத்தில் ஒரு பெண்ணை உயிரோடு வெளியே எடுத்தீர்கள். நீதான் அவளைக் கம்பளியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு சரிவில் இறங்கி வந்தாய். உன் முகம் எது, மண் எது என்று தெரியவில்லை. நேராக என் கமராவை நோக்கி வந்தாய். என்னைப் பார்க்கவே இல்லை. வழியில் நிற்கிற ஒரு மரத்தைத் தாண்டுவதைப் போல என்னைத் தாண்டிப் போனாய். அவளைத் தவிர இன்னும் ஒருவரைத்தான் உயிரோடு எடுக்க முடிந்தது. மற்றவர்களை மறுநாள் வரிசையாகக் கிடத்தினார்கள்.

அந்தப் படத்தை ஹட்டன் மண்டபத்தில் போட்டோம், துரைமார் கிளப்பில் போட்டோம், கொழும்பிலும் காட்டினார்கள். கிளப்பில் படம் முடிந்தும் யாரும் விளக்கைப் போடவில்லை. அந்தத் தோட்டத்து நிர்வாகம் பிறகு லயத்தை மலையடிவாரத்திலிருந்து எடுத்து மேட்டில் கட்டிக் கொடுத்தது. என் வாழ்க்கையில் நான் செய்த நல்ல காரியம் ஒன்று உண்டென்றால் அதுதான். படத்தின் முடிவில் என் பெயரும் இருந்தது. ஆனால் பார்த்தவர்கள் எல்லாரும் வெளியே வந்து கேட்டது ஒன்றே ஒன்று: "அந்தப் பொண்ணத் தூக்கிட்டு வர்றாரே, அவரு யாருங்க?"

நான் எடுத்த படம். நான் பிடித்த சட்டம். அதற்குள் நின்ற ஆளைப் பார்த்து நானே பொறாமைப்பட்டேன். இப்படி ஒரு கெடுதி வேறு எந்த ஒளிப்பதிவாளனுக்கும் நேர்ந்திருக்காது.

அடுத்த பொதுக்கூட்டத்தில் மாத்தயா கொழும்புக்குக் குடிபோவதாகச் சொல்லி விலகினார். நீ எழுந்து தலைவர் பதவிக்கு என் பெயரை முன்மொழிந்தாய். நான் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன், ஏற்கெனவே மனதுக்குள் நன்றியுரையைத் தயாரித்தபடி. தலவாக்கலை ஸ்டூடியோக்காரர் ஆறுமுகம் எழுந்து உன் பெயரைச் சொன்னார். நீ வேண்டாமென்று கையை ஆட்டினாய். கை தூக்கச் சொல்லிவிடுவோம் என்று மாத்தயா சொன்னார். எனக்காக எழுந்த கைகள் கொஞ்சம்தான். அதில் ஒன்று உன்னுடையது. எனக்கு ஓட்டுப் போட்டுக்கொண்டே என்னைத் தோற்கடித்தாய். எதிர்த்து நின்று தோற்கடித்திருந்தால் உன்னை மன்னித்திருப்பேன்.

வீட்டுக்கு வந்து செபமாலையிடம் சொன்னேன். அவள் அடுப்படியில் இருந்தபடியே, "அவருதானே, நல்லதுதாங்க. அவரு வந்து ஒக்காந்தா வீடே நெறஞ்சாப்புல இருக்கும், சங்கமும் அப்புடித்தான் இருக்கும்" என்றாள். கட்டின மனைவி. ஒன்றும் தெரியாமல் சொன்னாள்.

நீ தலைவராக இருந்த காலத்தைப் பற்றி மலரில் எழுத நிறைய இருக்கிறது. அதுதான் கஷ்டம். உடப்புசல்லாவையில் ஒரு பங்களாவுக்குத் துரை மகளின் கல்யாணத்தைப் படமெடுக்கப் போனோமே, நினைவிருக்கிறதா? பங்களாச் சமையல்கார அப்பு நம்மைப் பின்பக்கக் குசினி வழியாக வரச் சொன்னான். மற்றவர்கள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள், நானும்தான். நீ முன்வாசலில் நின்றுகொண்டாய். கோபமாக ஒரு வார்த்தை இல்லை. "கல்யாணம் முன்வாசல்லதானங்க நடக்குது, நாங்க அங்கேருந்துதான் எடுக்கணும்" என்றாய். தூறல் பெருமழையானது. குடையில்லாமல் நின்றாய். நாங்களும் வெட்கப்பட்டுத் திரும்பி வந்து உன் பின்னால் நின்றோம். கடைசியில் துரைசாணியே வெளியே வந்து உள்ளே கூப்பிட்டாள். அதற்குப் பிறகு சங்கத்து ஆட்கள் எந்தப் பங்களாவுக்கும் பின்வழியாகப் போகவில்லை. அதைக் கூட்டக் குறிப்பில் எழுதியவன் நான். எழுதும்போது, இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று பேனாவை அழுத்தியதில் தாள் கிழிந்துவிட்டது.

கொழும்பு ஆட்கள் நம் படங்களை வாங்கித் தங்கள் பெயரைப் போட்டுக்கொண்டிருந்ததையும் நீதான் நிறுத்தினாய். போய்ப் பேசி, எடுத்தவன் பெயரோடு பெட்டி தூக்கியவன் பெயரையும் போட வைத்தாய். யாராவது உன்னைப் பாராட்டினால் உடனே என்னைக் காட்டுவாய்: "நான் சும்மா பேசுறவன். வேலை பாக்குறது செயலாளருதாங்க." எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். உன்னிடமிருந்து தர்மம் வாங்கியதைப் போல இருக்கும் எனக்கு.

பிறகு நான் ஆசைப்பட்டது நடந்தது. நான் ஆசைப்பட்ட மாதிரி அல்ல.

சுருள் அனுமதியைப் புதுப்பிக்கப் போன இடத்தில், இனிமேல் சங்கத் தலைவர் இந்த நாட்டுப் பிரஜையாக இருந்தால்தான் கொடுப்போம் என்று சொல்லிவிட்டார்கள். என் தகப்பனாரும் பாட்டனாரும் இங்கே பிறந்தவர்கள்; கோயிலில் ஞானஸ்நானப் பதிவு இருந்ததால் எனக்குப் பிரஜாவுரிமை கிடைத்திருந்தது. உன் அப்பா இந்தியாவில் துறையூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். உன் சின்ன வயதில் உன் அம்மா உன்னையும் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போய் ஒரு வருடம் இருந்துவிட்டு வந்தார். இடையில் அறுந்துபோன அந்த ஒரு வருடத்தைப் பிடித்துக்கொண்டு உங்கள் குடும்பத்தின் மனுவைத் தள்ளிவிட்டார்கள். ஊரில் பாதிப் பேருடைய மனுவுக்குப் படமெடுத்தவன் நீ. வேறு வழியில்லாமல் இந்தியப் பாஸ்போர்ட் எடுத்து, விசாவில் இருந்தாய்.

நான் அந்தச் செய்தியைக் கூட்டத்தில் வாசித்தேன். ஆறுமுகம் கோபமாக எழுந்தார், சங்கமே வேண்டாம், கலைத்துவிடுவோம் என்றார். நீ அவரை உட்காரச் சொன்னாய். கமரா அலுமாரியின் சாவியை இடுப்பிலிருந்து எடுத்து என் முன்னால் வைத்தாய்.

"இனிமே இவருதான் தலைவரு. படம் நிக்கக் கூடாது" என்றாய்.

கை தூக்கச் சொல்லவில்லை, எண்ணவில்லை. கை தட்டினார்கள், மரியாதைக்கு. அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். எத்தனை வருடம் அதைக் கனவு கண்டேன்! உட்கார்ந்து பார்த்தால் எல்லாருடைய கண்ணும் உன் பக்கமே இருந்தது. அதற்கடுத்த கூட்டங்களிலும் அப்படித்தான். யாரோ "தலைவரே" என்று கூப்பிட, நாம் இரண்டு பேரும் ஒன்றாகத் திரும்பினோம். அறை சிரித்தது. நீ சிரிக்காமல் என்னைக் காட்டினாய். ஒரு பிரச்சினை என்றால் அவர்கள் உன் வீட்டுக்குத்தான் போனார்கள். நீ அவர்களை என்னிடம் திருப்பி அனுப்பினாய். என் வாசலில் வந்து நின்று, "அவரு ஒங்களப் பாக்கச் சொன்னாருங்க" என்பார்கள். பதவி என்னிடம் இருந்தது. தலைமை உன்னோடு உன் வீட்டில் இருந்தது.

விசா முடிந்தது. புதுப்பிக்க மாட்டோம் என்றுவிட்டார்கள்.

நீ புறப்படுவதற்கு முந்திய வாரம் ஒரு மாலை, ஹட்டனிலிருந்து டிக்கோயாவுக்கு நடந்தே போவோம் என்றாய். தேயிலைக்கு மேல் பனி இறங்கிக்கொண்டிருந்தது. கொழுந்து நிறுத்து முடித்த பெண்கள் வெறுங்கூடையோடு எதிரே வந்தார்கள். எல்லாரும் உனக்கு வணக்கம் சொன்னார்கள். அவர்கள் போனபின் நீ சொன்னாய்:

"ஒனக்கு எம்மேல பொறாமன்னு எனக்குத் தெரியும், மச்சான்."

இல்லையென்று சொல்ல வாயெடுத்தேன்.

"விடு. மூஞ்சியப் பாத்துப் பொழைக்கிறவன் நான். அது தெரியாதா? ஒனக்குத் தெரியாதது ஒண்ணு சொல்றேன். அன்னைக்குக் கொத்மலையில கமராவ மூடி வச்சேன்ல. எறங்குனதுக்கு நான் வருத்தப்படல. ஆனா நீ எடுத்தத மண்டபத்துல பாத்தப்ப எனக்கு நெஞ்சு அடைச்சுப்போச்சு. அந்தப் படம் நான் எடுத்திருக்கணும். அதுக்கப்பறம் எத எடுத்தாலும் அது மாதிரி அமையல. சங்கத்துல நீ ரீலப் போடுறப்பல்லாம் வெளிய போயி பீடி குடிச்சிட்டு நிப்பேன், பாத்திருக்கியா? பாக்க முடியாம."

உண்மைதான். அந்தப் படம் ஓடும்போதெல்லாம் நீ வெளியே போய்விடுவாய். உன்னையே திரையில் பார்க்கக் கூச்சப்படுகிறாய் என்று நினைத்திருந்தேன். அந்தக் கூச்சத்துக்கும் சேர்த்து உன்மேல் பொறாமைப்பட்டிருந்தேன்.

ஊரை விட்டு, பிறந்த மண்ணை விட்டுப் போகிற நண்பனிடம் அந்த நேரத்தில் எவ்வளவோ சொல்லியிருக்கலாம். நான் கேட்டது என்ன தெரியுமா? "திரும்பச் சொல்லு" என்றேன். நீ நடு ரோட்டில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். சிரித்து முடித்துவிட்டுத் திரும்பச் சொன்னாய். ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னாய்.

ஹட்டன் ஸ்டேஷனில் உன்னையும் பாக்கியத்தையும் பிள்ளைகளையும் இந்தியாவுக்குக் கப்பலேறத் தலைமன்னார் போகும் வழிக்கு ரயிலேற்றிவிட்டோம். சங்கமே வந்திருந்தது. ஆறுமுகம் அழுதார், செபமாலை அழுதாள். நான் தலைவர் என்பதால் மாலை போட்டேன். உன் பெட்டிகளை ஏற்றினேன், உன் சின்ன மகளைத் தூக்கி ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். வண்டி நகர்ந்ததும் பிளாட்பாரத்தில் நின்றவர்கள் எல்லாம் தாங்களாகவே என்னைச் சுற்றிக் கூடினார்கள். முதல் தடவையாக. அவர்களை அங்கிருந்து எப்படிக் கலைந்து போகச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. நீ இருந்தால் ஏதாவது சொல்லியிருப்பாய்.

துறையூரில் ஒரு ஸ்டூடியோவில் சேர்ந்திருப்பதாகவும், ஊரார் உன்னைச் சிலோன்காரர் என்று கூப்பிடுவதாகவும் எழுதினாய். பிறகு பாக்கியம் எழுதினார், காய்ச்சலில் போய்விட்டாய் என்று. தெரு கொள்ளாத கூட்டமாம். போய் இரண்டு மழைக்காலம் முடியுமுன் தெரு கொள்ளாத கூட்டம்! நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவன். எனக்கு அவ்வளவு பேர் வருவார்களா என்று அந்தச் செய்தியைக் கையில் வைத்துக்கொண்டே நினைத்தேன். நினைத்துவிட்டுத்தான் அழுதேன்.

இங்கே இப்போது இரண்டு நாட்டுப் பிரதமர்களும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். நம் ஆட்களை இத்தனை பேர் இந்தியாவில், இத்தனை பேர் இங்கே என்று பங்கு பிரித்திருக்கிறார்கள். லயத்துக்கு லயம் அதே பேச்சு. போன வாரம் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். விசா முடிந்து ஒரு குடும்பம் அடுத்த நாள் புறப்படுகிறது. மூட்டைகளை எல்லாம் வாசலில் கட்டி வைத்திருந்தார்கள். ஒற்றை அறைக் காம்பிராவுக்குள் அந்த வீட்டுப் பெண் மண்டியிட்டு, தான் இனித் திரும்பாத தரையைச் சாணம் போட்டு மெழுகிக்கொண்டிருந்தாள். எதற்கு என்று கேட்டேன். "பின்னால வர்றவங்க என்னா நெனப்பாங்க" என்றாள். கதவருகே இருந்து மெழுகத் தொடங்கியவள், அடுப்பு மூலைக்குப் போய், ஈரத் தரைக்கு உள்ளே மாட்டிக்கொண்டாள். வெளியே வர வழியில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே அடுப்பை ஒட்டி நின்றாள். பிறகு சேலையைத் தூக்கிக்கொண்டு தன் கால் தடத்தைப் பதித்தபடி வாசலுக்கு நடந்து வந்தாள்.

சுருள் தீரும்வரை எடுத்தேன். அந்தத் தடங்கள் காயும்வரை நின்றேன். கமராவைக் கீழே இறக்கியதும் முதலில் தோன்றியது, இதைப் பார்த்தால் நீ செத்தாய் என்பதுதான். இதற்கு நீ எழுந்து வெளியே போயே ஆகவேண்டும். பீடிக்கட்டு முழுவதையும் குடித்துத் தீர்த்திருப்பாய்.

சங்கத்தில் படத்தைப் போட்டேன். இளைஞர்கள் நன்றாயிருக்கிறது என்றார்கள். ஆறுமுகம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லாருக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் அதைப் பார்த்துப் பொறாமைப்பட இந்த மலைநாட்டில் எனக்கு ஒருத்தன்கூட இல்லை.